ரங்கூனில் வாங்கிய மூன்று கால் புல்லர்: சிரியம் பட்டறையிலிருந்து

போன மாதம் கியாவ்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். நம்ம ஆள்தான், கொங்கு பக்கத்துப் பூர்வீகம். சாக்கில் சுற்றி ஒரு கிராங்க், அதாவது என்ஜினின் சுழல் தண்டு, கொண்டுவந்திருந்தார். எஸ் 195 என்கிற சீன ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினுடையது. பிரித்துப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துப் போனது. ஃபிளைவீல் என்கிற கனச் சக்கரம் உட்காருகிற முனை காளான் விரிந்த மாதிரி பரந்து கிடந்தது. மரை நாலு சுற்று நசுங்கி ஒட்டிவிட்டது. நடுத்துளை இருந்த இடமே தெரியவில்லை. ஃபிளைவீல் கழலவில்லை என்று சம்மட்டியால் நேராகத் தண்டின் தலையிலேயே அடித்திருக்கிறார்கள்.

"யாரும்மா அடிச்சது?" என்று கேட்கவில்லை. அவரே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாற்றுக்கு முதல் மழை விழுந்துவிட்ட நேரம். புது கிராங்க் வாங்கி, பிரித்துக் கோர்த்து, ஓட வைக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று வயல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தண்டில் இறுகிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கிற போல்ட்டை முறுக்கி இழுத்துக் கழற்றுகிற கருவிதான் புல்லர். சரியான புல்லர் ஒன்று கையில் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. அன்றைக்கே நினைத்தேன், என் பட்டறையில் இருக்கிற புல்லரைப் பற்றி விவரமாக எழுதிவிட வேண்டும் என்று.

என் பட்டறை ரங்கூனுக்குப் பக்கத்தில், சிரியத்தில். இப்போது தன்லின் என்கிறார்கள், எங்கள் வீட்டில் இன்னும் சிரியம்தான். வருகிற வேலையில் முக்கால்வாசி சீன ஒற்றை சிலிண்டர் டீசல்: தண்ணீர் இறைப்பது, நெல் அடிப்பது, படகு, அப்புறம் இந்த என்ஜினை வைத்தே ஓடுகிற தோலாஜி என்கிற சுமை வண்டி. மீதி ஜப்பான் கார்களும், கரண்ட் போகப் போக பெருகிவிட்ட ஜெனரேட்டர்களும். அப்பாவுக்கும் இதே தொழில். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் இங்கே சீன என்ஜின் பேச்சே கிடையாது. 1954இல் ஜப்பானோடு போர் இழப்பீட்டு ஒப்பந்தம் போட்டார்கள் அல்லவா, அந்த வழியில் வந்த குபோட்டா, ஹினோ, மஸ்தாதான் எங்கும். அதனால் ஜப்பான் கருவி என்றால் அப்பாவுக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதை எனக்கும் ஒட்டிக்கொண்டது, ஆனால் கண்மூடி ஒட்டிக்கொண்டதில்லை. அதற்கு முன்னால் நான் ஒரு பாடம் படித்தேன்.

என் முதல் புல்லர் புதுசு. பளபளவென்று குரோம் பூசி, பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று அளவுகளில் வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஆறு மாதம் சின்னச் சின்ன வேலைக்கு நன்றாகவே உழைத்தது. ஒரு நாள் தண்ணீர் பம்பின் புல்லி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகன் எதிரே குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்பேனரை இன்னும் கால் சுற்று திருப்பினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். புல்லரின் ஒரு கால், நுனியில் கொக்கி மாதிரி பிடிக்கிற நகத்தோடு முறிந்து, பையனின் காதை ஒட்டிப் பறந்து, பின்னால் தகரத்தில் அடித்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் முறிந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. உள்ளே ஒரு கடுகளவு குமிழி. வார்ப்பு இரும்பு. மேலே பூசிய குரோம் அதை மறைத்து வைத்திருந்தது. அன்று இரவு என் தங்கை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் 2016இல், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடைகள் மூடுவதற்கு முந்தின வாரம், ரங்கூன் போய் இப்போது இருக்கிற புல்லரை வாங்கினேன். எட்டு அங்குலம், மூன்று கால், ஜப்பானில் பயன்படுத்தி வந்த பழைய சரக்கு. தெய்ங்ஜி சந்தையிலிருந்து, அதாவது நம் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்வார்களே அங்கிருந்து, நடந்து போகிற தூரத்தில் ஒரு தமிழ் பாயின் கடை. இரும்புச் சாமான் வியாபாரத்தில் நம் சோழியா முஸ்லிம்கள் ரங்கூனில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கடையில் புதுச் சாமான் முன்னால், பழசெல்லாம் பின்னால் ஒரு மரப்பெட்டியில். நான் நேரே பின்னால் போனேன்.

பாய் என்னைத் தடுக்கவில்லை. ஒரு மணை எடுத்துப் போட்டு, "உக்காந்து பாருங்க தம்பி, அவசரம் இல்ல" என்றார். நல்ல கடைக்காரருக்கு அதுதான் அடையாளம் என்று நினைக்கிறேன். பெட்டியில் ஏழெட்டு புல்லர் இருந்தது. நான் பார்த்த முறையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய சரக்கில் தேறுவதும் தேறாததும் கலந்துதான் வரும்.

முதலில் காலின் பக்கவாட்டைப் பார்த்தேன். அடித்து உருவாக்கிய இரும்பில், அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு விரல்நக அகலத்துக்குப் பட்டையாக அரைத்த தடம் இருக்கும். வார்ப்பில் அந்தக் கோடு நூல் மாதிரி மெல்லிசாக ஓடும், மேலும் தோல் மணல் மணலாக இருக்கும். பெயிண்ட் அடித்திருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். அப்புறம் காலைக் கழற்றி ஒரு நூலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். நல்ல கால் கோயில் மணி மாதிரி இழுத்துப் பாடும். விரிசல் விட்டதும் வார்ப்பும் "டொக்" என்று அடங்கிவிடும். ஏழு புல்லரில் மூன்று இதிலேயே கழிந்தது.

அடுத்தது நடு போல்ட். அதைக் கண்ணாடி மேசை மேல் உருட்டினேன். வளைந்திருந்தால் தாவித் தாவி உருளும். மரையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தேய்ந்த இடத்தில் பல் கூர்மையாகி ஊசி மாதிரி தெரியும், அது வேண்டாம். நட்டுப்பகுதிக்குள் விட்டு ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், கடகடவென்று ஆடக்கூடாது. கால்கள் மாட்டுகிற ஊசித் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டையாக நீண்டுவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். நீண்ட துளை என்றால் அந்தக் கருவி தன் சக்திக்கு மேல் எங்கோ இழுத்திருக்கிறது என்று பொருள்.

கடைசியில் நகம். பழைய புல்லரில் மெக்கானிக்குகள் சந்துக்குள் நுழைப்பதற்காக நகத்தை அரைத்து மெல்லிசாக்கிவிடுவார்கள். அப்படி அரைத்ததை நான் தொடமாட்டேன், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. சுமை முழுவதும் அந்த நுனியில்தான் நிற்கிறது.

என் கையில் தேறி வந்ததில் கம்பெனிப் பெயர் தேய்ந்துபோயிருந்தது, ஜப்பான் எழுத்து இரண்டு மட்டும் மிச்சம். பெயரோடு வேண்டுமென்றால் கேடிசி, சூப்பர் டூல் என்று பொறித்தது பழைய சரக்கில் அவ்வப்போது வரும், பாயிடம் சொல்லி வைக்கலாம். விலை அன்றைக்கு 28,000 கியாட். அதே அளவில் புதுசு, அந்தக் குரோம் ரகம், 15,000க்குக் கிடைத்தது. இன்றைய விலையைச் சொல்லிப் பயனில்லை, மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி. எட்டு அங்குலம் என்பது கால்கள் எவ்வளவு விரியும் என்பது. அது மட்டும் போதாது. கால் எவ்வளவு நீளம் எட்டும் என்றும் பார்க்க வேண்டும். தண்டு நுனியிலிருந்து கியரின் முதுகு வரை உள்ள தூரத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். நான் மூன்றாவதாக ஒன்றும் பார்ப்பேன்: நடு போல்ட்டின் தடிமன், இழுக்கப்போகிற தண்டின் தடிமனில் பாதிக்குக் குறையக்கூடாது. 40 மி.மீ. தண்டுக்கு 20 மி.மீ. போல்ட். அதற்குக் குறைந்தால் போல்ட் வளையும், அல்லது மரை உருவிக்கொண்டு போகும்.

இந்தப் போல்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பையன்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். 16 மி.மீ. போல்ட், ஏறக்குறைய முக்கால் முழ ஸ்பேனர், 33 செ.மீ. என்று வையுங்கள். அதன் நுனியில் 30 கிலோ பலத்தில் இழுத்தால், உலர்ந்த மரையில் சுமார் 3 டன் இழுவிசை வரும். அதே மரைக்கு நல்ல கிரீஸ் தடவினால், அதே கைப்பலத்துக்கு 5 டன் பக்கம் போகும். இரண்டு டன் கிரீஸிலிருந்து வருகிறது! கிரீஸ் தடவாமல் ஸ்பேனர் பிடியில் பைப்பைச் செருகி ஏறி மிதிக்கிறவர்களைப் பார்க்கும்போது இதைத்தான் சொல்லத் தோன்றும். கிரீஸ் தடவிவிட்டோம் என்றால் கையை அளவாகவும் வைக்க வேண்டும், புல்லரில் பொறித்த டன் கணக்கைத் தாண்டிவிடும். இம்பாக்ட் கன், அதாவது அடித்து அடித்து முறுக்குகிற இயந்திர ஸ்பேனர், வைத்து புல்லரை முறுக்குவது என் பட்டறையில் கிடையாது. கைக்கு வருகிற அழுத்தம்தான் நமக்கு இருக்கிற ஒரே மீட்டர். கன் வைத்தால் அது போய்விடுகிறது.

சரி, இந்த எட்டு அங்குல மூன்று காலால் எல்லாம் ஆகுமா? ஆகாது. அந்த விவசாயி கொண்டுவந்த கிராங்குக்கு இது சரியான கருவியே இல்லை. எஸ் 195 ஃபிளைவீலை விளிம்பில் பிடித்து இழுக்கக் கூடாது. அது வார்ப்பு இரும்பு, அகலமும் அதிகம். அதற்கு வேண்டியது கால் இல்லாத புல்லர்: ஒரு கனமான தகடு, நடுவில் ஒரு போல்ட், சுற்றிலும் துளைகள். பெல்ட் புல்லியை மாட்டுவதற்காக ஃபிளைவீலில் மரை போட்ட துளைகள் இருக்கிறதே, அதில் போல்ட்டுகளை இறக்கித் தகட்டை மாட்டுவோம். போல்ட் தன் தடிமன் அளவுக்காவது மரைக்குள் இறங்கியிருக்க வேண்டும், மூன்றும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இந்தத் தகட்டை நான் வாங்கவில்லை, பழைய லாரி ஸ்பிரிங் தொங்கலின் கனத் தகட்டில் லேத்காரரிடம் சொல்லி அடித்துக்கொண்டேன்.

கழற்றும் முறையும் சொல்லிவிடுகிறேன். மடக்கிய வாஷரை உளியால் நிமிர்த்தி நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாதீர்கள். இரண்டு மூன்று சுற்று மரையில் நிற்கட்டும். ஃபிளைவீல் கூம்புத் தண்டில் உட்கார்ந்திருக்கிறது, விடும்போது ஒரே நொடியில் விடும். நட்டு இல்லையென்றால் அந்தக் கனம் நேராக உங்கள் காலில். தண்டின் நுனிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த பித்தளைத் துண்டை வையுங்கள், நடுத்துளை பிழைக்கும். இறுக்குங்கள். கை கனத்ததும் நிறுத்திவிட்டு, நடு போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு, நேராக. ஃபிளைவீலைத் தட்டாதீர்கள். ஒரு கால் சுற்று இறுக்கம், இன்னொரு தட்டு. "டங்" என்று ஒரு சத்தம் வரும், நட்டு வரை வந்து நின்றுவிடும். வரவில்லையென்றால் இறுக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எதிரே கடையில் ஒரு லபெயே, நம்ம டீதான், குடித்துவிட்டு வாருங்கள். பல தடவை நான் திரும்பி வரும்போது ஃபிளைவீல் தானாகக் கழன்று நட்டில் சாய்ந்திருக்கும்.

மூன்று கால் புல்லர் தன் முழு பலத்தைக் காட்டுவது கிராங்க் கியரில். கிராங்கை வெளியே எடுத்து, மேசையில் மரக்கட்டை போட்டுக் கிடத்திவிட்டு வேலை. கியருக்கும் கிராங்கின் தோளுக்கும் நடுவில் சந்து மிகச் சிறியது, நகம் நுழையாது. இங்கேதான் நகத்தை அரைக்கிற ஆசை வரும். அரைக்காதீர்கள். பேரிங் பிளவுத்தட்டு என்று ஒன்று கிடைக்கும், இரண்டு அரை வட்டம், உள்விளிம்பு கத்தி மாதிரி சாய்ந்திருக்கும். பக்கத்துப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினால் அந்த விளிம்பு சந்துக்குள் நுழைந்து, கியரை ஒரு மயிரிழை தள்ளி, பின்னால் அகலமான மேடையாக நிற்கும். அந்த மேடையை மூன்று காலும் பிடிக்கும். பலம் கியர் முழுக்கச் சமமாகப் பரவுவதால் ஒரு பல் கூட உடையாது. வெறும் நகத்தைப் பல்லிடுக்கில் கொடுத்து இழுத்துப் பல் உடைந்த கியர்கள் என் பட்டறை மூலையில் ஒரு டின் நிறைய இருக்கிறது, அத்தனையும் வெளியிலிருந்து வந்தவை.

மூன்று காலுக்கு இடமில்லாத நேரம் வரும். என்ஜின் பெட்டிக்குள்ளேயே இழுக்க வேண்டியிருந்தால் இரண்டு கால்தான். ஆனால் இரண்டு கால் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும், போல்ட்டின் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கண் வைத்து நேராக்க வேண்டும். என்னுடையதில் ஒரு காலைக் கழற்றி மற்ற இரண்டை எதிரெதிரே மாட்ட முடிகிறது, நடுச்சட்டத்தில் அதற்கும் துளை இருக்கிறது. வாங்கும்போது இதைக் கவனிக்கவில்லை, வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். காலைத் திருப்பி மாட்டினால் உள்ளிருந்து வெளியே தள்ளிப் பிடித்து, பேரிங் கிண்ணத்தை அது உட்கார்ந்திருக்கிற குழியிலிருந்து எடுக்கவும் ஆகும்.

பேரிங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டில் இறுகிய பேரிங்கை வெளி வளையத்தில் பிடித்து இழுத்தால், அந்த டன் கணக்கான பலம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். குண்டு உட்கார்ந்த இடமெல்லாம் வளையத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. கோர்த்து ஓட்டினால் ஒரு வாரத்தில் கரகரவென்று கத்தும். உள் வளையத்தைப் பிடித்து இழுக்க வழி இல்லையென்றால், இழுங்கள், ஆனால் அந்தப் பேரிங்கை மறுபடி மாட்டாதீர்கள்.

ஜப்பான் கார்களுக்கு வந்தால், கிராங்க் முனை புல்லியைப் பாருங்கள். பல வண்டிகளில் அது இரண்டு வளையம், நடுவில் ரப்பர். கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழிந்து வெளி வளையம் மட்டும் கையோடு வரும். பல டொயோட்டா புல்லிகளில் நடுப்பகுதியில் மரை போட்ட இரண்டு துளைகளை அவர்களே வைத்திருக்கிறார்கள், அது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். என் தகட்டுப் புல்லரில் அதற்கும் ஒரு ஜோடித் துளை போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தப் புல்லரில் எனக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கால்கள் தனித்தனியே தொங்குகின்றன. மூன்றையும் பிடித்துக்கொண்டு போல்ட்டையும் சுற்ற மூன்று கை வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் இறுகும் வரை நழுவிக்கொண்டே இருக்கும். கால்களைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒரு சட்டம் வைத்து, அதைத் திருகினால் மூன்றும் ஒன்றாக மூடிப் பிடித்துக்கொள்கிற மாதிரி அமெரிக்காவின் போசி லாக் செய்கிறது. ஒரு படகுக்காரரிடம் ஒன்று பார்த்தேன், கையில் வாங்கித் திருகியும் பார்த்தேன். என் கைக்காசுக்கு எட்டவில்லை. நான் கால்களைச் சுற்றி சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டுவிடுகிறேன், தொடக்கத்தில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இறுகினபின் மேலே ஒரு தடித்த சாக்கைச் சுற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவோம். எதிரே யாரும் குனியக் கூடாது. என் தங்கை மகன் இப்போது பெரிய மெக்கானிக், "மாமா, சாக்கு" என்று அவனே நினைவுபடுத்துவான்.

மறுபடி கியரைக் கோர்க்கும்போது புல்லருக்கு வேலை இல்லை, அங்கே சூடுதான். இரும்பு 100 டிகிரி சூடேறினால் 50 மி.மீ. துளை 0.06 மி.மீ. விரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் இறுக்கமாக உட்காருகிற கியருக்கு அதுவே போதும். எண்ணெய்ச் சட்டியில் கியரை ஊற வைத்துச் சூடேற்றி, இடுக்கியால் எடுத்து, குறி பார்த்து ஒரே தள்ளில் தள்ளினால் கை விரலால் தள்ளின மாதிரி போய் உட்காரும். சம்மட்டியால் அடித்து ஏற்றிய கியரைத்தான் அடுத்த தடவை எந்தப் புல்லராலும் கழற்ற முடியாமல் போகிறது.

பராமரிப்பு சுலபம். வேலை முடிந்ததும் மரையை மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வைப்பேன். நடு போல்ட்டின் முனை கூர்ப்பு மழுங்கினால் லேத்தில் கொடுத்து அறுபது டிகிரிக்குத் தீட்டிக்கொள்வேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைதான் தீட்டினேன். காலின் ஊசி ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கிராங்க் முனை காளானாகப் போன அந்த விவசாயிக்கு, என் தகட்டின் அளவில் இன்னொன்று லேத்தில் சொல்லி அடித்துக் கொடுத்துவிட்டேன், அவர் கிராமத்தில் அதே என்ஜின் பலரிடம் இருக்கிறது. மூன்று கால் ரகம் வேண்டுமென்று அவர் கேட்டதால் போன வாரம் பாய் கடைக்குப் போயிருந்தேன். பின்னால் பெட்டியில் ஆறு அங்குலத்தில் இரண்டு நல்லது கிடக்கிறது, தட்டிப் பார்த்துவிட்டேன், மணி மாதிரி பாடுகிறது. எட்டு அங்குலம் ஒன்று இருக்கிறது, அதை எடுக்காதீர்கள், ஒரு நகம் அரைத்தது. போகிறவர்கள் கழற்ற வேண்டிய தண்டின் தடிமனையும் கியரின் அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும், அதற்கு முன்னால் போய்விட்டால் பாய் உட்கார மணையும் போடுவார்.